ஊர்க் கிணறு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு விதமான சங்கீதம் கேட்கும். விடியற்காலையில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து திருப்பாவை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுமுறைக்கு வந்திருக்கும் என் அக்காள் மகனுடைய அறையிலிருந்து வேறொன்று. முதலாவது காதில் விழும். இரண்டாவது மார்பில் விழும். அலமாரியிலுள்ள கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிலுகிலுக்கும்.

சென்ற மார்கழியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அறைக்குள் போய், "என்னடா இது சத்தம்?" என்று கேட்டேன்.

"சத்தம் இல்லை மாமா. ஜமெய்க்கா பாட்டு. வருஷம் முடியப்போகுது இல்லையா? இந்த வருஷம் வந்த வீடியோவிலே எனக்குப் பிடிச்சதையெல்லாம் வரிசைப்படுத்திக்கிட்டிருக்கேன். ரெகே, டான்ஸ்ஹால், எல்லாம்தான். உட்காருங்க, காட்டறேன்."

உட்கார்ந்தேன். ஒரு பாட்டில் கடற்கரை. இன்னொன்றில் தகரக் கூரை போட்ட தெரு. அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள்களும், சாயம் பூசிய சுவர்களும், இடுப்பை எலும்பே இல்லாததுபோல் ஆட்டும் ஜனங்களும். முதலில் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது பாட்டு ஓடும்போது எனக்குள் இருந்த துப்பறிவாளன் எழுந்து உட்கார்ந்தான்.

"நிறுத்து, நிறுத்து! ஆள் வேறு, வார்த்தை வேறு. ஆனால் அடியிலே ஓடுகிற வாத்தியம் முதல் பாட்டில் வந்ததுதானே? இது பச்சைத் திருட்டு அல்லவா?"

அவன் சிரித்தான். "திருட்டு இல்லை மாமா. அதுக்குப் பேர் 'ரிடிம்'. ஒரே ரிடிம்லே பத்துப் பேர், இருபது பேர் பாடுவாங்க. யாரும் சண்டைக்குப் போகமாட்டாங்க."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்முடைய பழைய நாடகப் பாட்டுப் புஸ்தகங்கள் நினைவுக்கு வந்தன. பாட்டின் தலைப்பில், சிறிய எழுத்தில், 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சடித்திருப்பார்கள். பழைய மெட்டில் புதிய பாட்டு. அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலைப்பு வரி இருந்ததே, அது முக்கியம். அது ஒரு நமஸ்காரம். ஜமெய்க்காக்காரர்களின் சங்கதி என்ன? யார் அந்த ரிடிமைச் செய்தார்கள்? யார் அதில் சம்பாதித்தார்கள்? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு சில மாதம் படித்தேன். படித்ததில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டதை வாசகர்களுக்குச் சொல்லுகிறேன்.

ஜமெய்க்கா சின்னத் தீவு. பழைய தஞ்சாவூர் ஜில்லாவைவிடச் சற்றே பெரியது. ஜனத்தொகை 30 லட்சத்துக்குள்தான். 1655 முதல் 1962 வரை ஆங்கிலேயர்கள் ஆண்ட பூமி. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவந்த அடிமைகளின் சந்ததியார்தாம் அங்கே பெரும்பாலோர். 1838-ல்தான் அவர்களுக்குப் பூரண விடுதலை கிடைத்தது. பின்னாளில் தோட்டங்களை விட்டுப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், கிங்ஸ்டன் நகரத்தின் மேற்குப் பகுதியில் கிடைத்த தகரத்தையும் பலகையையும் கொண்டு குடிசை போட்டார்கள்.

இவர்களுக்குப் பாட்டு வேண்டும். ஹோட்டலில் வாசிக்கும் வாத்திய கோஷ்டி பணக்காரர்களுக்கு. வானொலிப் பெட்டி வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. ஆகவே 1940-களின் பிற்பகுதியில் ஒரு புதுத் தொழில் தோன்றியது. துணி அலமாரி அளவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், ஒரு திறந்த மைதானத்தில் இறக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைப் போடுவது. நுழைவுக்குக் கொஞ்சம் காசு; உள்ளே பீர் விற்பனை. இதற்கு 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர்.

இந்தத் தொழிலில் இரண்டு சக்கரவர்த்திகள் கிளம்பினார்கள். ஒருவர் டியூக் ரீட். போலீஸ் உத்தியோகத்திலிருந்து விலகிச் சாராயக் கடை வைத்தவர். நடனத்துக்கு வரும்போது இடுப்பில் துப்பாக்கியோடு வருவார். மற்றவர் கிளெமென்ட் டாட். பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கிரிக்கெட் ஆடியதால், யார்க்ஷயர் ஆட்டக்காரர் காக்ஸன் என்பவருடைய பெயரைச் சிநேகிதர்கள் இவருக்குச் சூட்டிவிட்டார்கள். கடைசிவரை அவர் 'காக்ஸன்' டாட்தான்.

இவர்களுக்குள் போட்டி பாட்டில் அல்ல. எவரிடமும் இல்லாத இசைத்தட்டு தன்னிடம் இருப்பதில். டாட் அமெரிக்காவுக்குப் பண்ணை வேலைக்குப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தவர். நல்ல தட்டு ஒன்று அகப்பட்டால் முதல் காரியமாக அதன் நடுவிலுள்ள காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாடியவன் பெயர் போய்விடும். பாட்டின் பெயர் போய்விடும். போட்டிக்காரன் தேடி வாங்க முடியாது. வில்லிஸ் ஜாக்ஸன் என்ற சாக்ஸபோன் வித்துவானின் தட்டு ஒன்றுக்கு டாட் 'காக்ஸன் ஹாப்' என்று தம் பெயரையே வைத்துக்கொண்டார். ரீட் அலைந்து திரிந்து அந்தத் தட்டின் நிஜப் பெயரைக் கண்டுபிடித்து, ஒருநாள் டாட் முன்னிலையிலேயே அதைப் போட்டபோது, டாட் மயக்கம் போட்டு விழாத குறையாம்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சங்கீதத்தின் சரித்திரம், ஒரு கலைஞனுடைய பெயரைச் சுரண்டி எடுப்பதில் ஆரம்பமாகிறது. பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சுரண்டலின் எதிரொலிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ருசி மாறிப்போயிற்று. கிங்ஸ்டன் ஜனங்களுக்குப் பிடித்த மாதிரித் தட்டுகள் வருவது குறைந்தது. சரக்கு வராவிட்டால் என்ன செய்வது? உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான். ரீட், டாட் இருவருமே உள்ளூர் வித்துவான்களைக் கூட்டிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இப்படிப் பிறந்ததுதான் 'ஸ்கா'. 1962 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீவு சுதந்தரம் அடைந்தபோது தெருவெங்கும் கேட்டது அந்தத் துள்ளல்தான். 1966 வாக்கில் அதன் வேகம் தணிந்து 'ராக்ஸ்டெடி' ஆயிற்று. 1968-ல் இன்னும் நிதானப்பட்டு, பேஸ் கிதார் முன்னே வந்து, 'ரெகே' ஆயிற்று. 2018-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

டாட் 1963-ல் 'ஸ்டூடியோ ஒன்' என்ற பதிவுக்கூடத்தை ஆரம்பித்தார். அங்கே வித்துவான்கள் ஏறக்குறைய ஆலைத் தொழிலாளர்களைப்போல் வேலை செய்தார்கள். காலையில் வருவார்கள், சாயங்காலம்வரை வாசிப்பார்கள், வாசித்ததற்குக் கூலி. அன்றைக்கு அவர்கள் விரலிலிருந்து பிறந்தது, இன்னும் அறுபது வருஷத்துக்கு உலகம் ஆடப்போகும் தாளம் என்பது அவர்களுக்கும் தெரியாது, கூலி கொடுத்தவருக்கும் தெரியாது.

அது தெரியவந்த விதம் ஒரு தமாஷ். 1967-68 வாக்கில், ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்த ரடி ரெட்வுட் என்பவர், டியூக் ரீட்டின் பதிவுக்கூடத்தில், பாராகன்ஸ் கோஷ்டியின் ஒரு பாட்டுக்குப் பிரதி எடுக்கச் சொன்னார். பிரதி வெட்டிய ஆள் கைத்தவறுதலாகப் பாடகர்களின் குரலைச் சேர்க்காமல் வெட்டிவிட்டார். வெறும் வாத்தியம்! வேறு யாராக இருந்தாலும் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். ரெட்வுட் ராத்திரி நடனத்தில் முதலில் குரலோடு கூடிய பாட்டைப் போட்டார். அடுத்தாற்போல் ஊமைத் தட்டைப் போட்டார். ஒரு கணம் மைதானம் திகைத்தது. பிறகு ஜனங்களே பாட ஆரம்பித்தார்கள். காலியாக இருந்த இடத்தை ஊரே நிரப்பிவிட்டது.

அதற்குப் பிறகு, இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலில்லாத 'வெர்ஷன்' என்பது வழக்கமாயிற்று. மறுபக்கம் காலி மனை மாதிரி. யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம். யூ-ராய் என்பவர் 1970-ல் டியூக் ரீட்டின் பழைய ரிடிம்களின்மேல் பாடாமல், தாளத்தோடு பேசிக்கொண்டே போனார். ஜமெய்க்காவின் பாட்டு வரிசையில் முதல் மூன்று இடங்களையும் அவருடைய தட்டுகளே பிடித்துக்கொண்டன. கிங்ஸ்டனில் பிறந்து, 1967-ல் நியூயார்க்கில் குடியேறிய ஒரு பையன், 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிராங்க்ஸ் பகுதியில் தன் தங்கைக்காக நடத்திய விருந்தில், தன் ஊர் வழக்கப்படி பெரிய பெட்டிகளை வைத்துத் தட்டுப் போட்டான். அவன்தான் கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் என்று இன்று உலகமே கொண்டாடுவதற்கு அந்த விருந்தைத்தான் பிறந்தநாளாகக் கணக்கிடுகிறார்கள். 1974-ல் ரூபி எட்வர்ட்ஸ் என்பவர் ஒரே ரிடிமில் அமைந்த பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு முழு இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

இதைத்தான் நான் ஊர்க் கிணறு என்கிறேன். எவனோ வெட்டினான். எல்லோரும் இறைக்கிறார்கள். இறைக்க இறைக்க ஊறுகிறது.

ஆனால் வெட்டினவனுக்குத் தாகம் தீர்ந்ததா? அதுதான் கேள்வி.

அக்காள் மகன் பழைய வீடியோ ஒன்றையும் காட்டினான். லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு எதிரே சில சிறுவர்கள் வாத்தியம் வாசித்துப் பாடுகிறார்கள். மியூசிக்கல் யூத் என்ற கோஷ்டி. 1982-ல் இங்கிலாந்தில் முதலிடம் பெற்று, லட்சக்கணக்கில் விற்ற 'பாஸ் தி டச்சி' என்ற பாட்டு. அதைக் கேட்டு முகம் மலராதவன் மனுஷனே அல்ல. 'டச்சி' என்றால் ஜமெய்க்காவில் சமையல் பாத்திரம். ஆனால் மூலப் பாட்டில் இருந்தது 'குச்சி'. அதாவது கஞ்சா பிடிக்கும் குடுவை! மைட்டி டயமண்ட்ஸ் என்ற ஜமெய்க்கக் கோஷ்டி அதற்குச் சற்று முன்னால் பாடியது அது. பையன்கள் வாயில் கஞ்சாக் குடுவை வேண்டாமென்று, ஓரெழுத்து ஈரெழுத்தை மாற்றிச் சமையல் பாத்திரமாக்கிவிட்டார்கள். அந்த மைட்டி டயமண்ட்ஸ் பாட்டாவது அசலா? இல்லை. அதற்கடியில் ஓடும் ரிடிம், 1968-ல் ஸ்டூடியோ ஒன்னில் பதிவான 'ஃபுல் அப்' என்ற வாத்திய இசை. அதில் பேஸ் கிதார் வாசித்தவர் லிராய் சிப்பிள்ஸ். நல்ல பாடகர், ஸ்டூடியோ ஒன்னின் எத்தனையோ ரிடிம்களுக்கு அடிநாதம் அமைத்தவர். 1970-களில் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். தம் விரல்களின் வேலைக்கு உரிய பங்கைக் கேட்டுப் பிற்காலத்தில் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. ஜமெய்க்காவில் 1993 வரையில், ஆங்கிலேயர் 1911-ல் போட்ட பழைய பதிப்புரிமைச் சட்டந்தான் நடந்துவந்தது. 1911-ல் பேஸ் கிதார் ஏது, ரிடிம் ஏது?

இனி வருவது இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

ஜப்பானில் ஹிரோகோ ஒகுடா என்று ஒரு பெண். சங்கீதக் கல்லூரியில் படிக்கும்போது, ரெகே சங்கீதத்தைப் பற்றியே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1980-ல் காசியோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். விலை மலிவான சிறிய மின்சாரக் கீபோர்டு ஒன்றைக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் தானே வாசிக்கும் தாளங்களை அமைக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. அதில் 'ராக்' என்ற பொத்தானுக்கு ஒரு சின்னத் தாளம் அமைத்தார். கருவி 1981-ல் கடைக்கு வந்தது.

அது எப்படியோ கிங்ஸ்டனில் நோயல் டேவி என்ற இளைஞரின் கையில் சேர்ந்தது. அவரும் அவருடைய சிநேகிதர் வெய்ன் ஸ்மித்தும் பொத்தான்களைத் தட்டிப் பார்க்கும்போது, அந்த 'ராக்' தாளம் காதில் விழுந்தது. துள்ளிக் குதித்தார்கள். கிங் ஜாமி என்ற தயாரிப்பாளரிடம் ஓடினார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். 1985 பிப்ரவரி 23-ஆம் தேதி, வால்தாம் பார்க் ரோடில், இரண்டு சவுண்ட் சிஸ்டங்களுக்கு நடந்த போட்டியில் ஜாமி அதை எடுத்து விட்டார். எதிரி கோஷ்டி அன்றோடு தோற்றது. 'ஸ்லெங் டெங்' என்று பெயர்பெற்ற அந்த ரிடிமில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. வாத்திய கோஷ்டி இல்லாமலே, இயந்திரத்தை வைத்துக்கொண்டு ரிடிம் செய்யலாம் என்று தீவு முழுவதும் தெரிந்துவிட்டது. இன்றைய டான்ஸ்ஹாலின் வாசல் அன்று திறந்தது.

கணக்கை யோசித்துப் பாருங்கள். ஜமெய்க்காவின் சங்கீதத்தை நேசித்து அதை ஆராய்ந்த ஒரு பெண்ணின் தாளம், ஜமெய்க்காவின் சங்கீதத்தையே மாற்றிப்போட்டது. ஊர்க் கிணற்றில் குடித்தவள், தன்னையறியாமல் அதில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டாள்! காசியோ கம்பெனி இதற்காகக் கோர்ட் படியேறிப் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் மங்களமாக இருக்கும். சரித்திரம் மங்களத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இயந்திர யுகத்தின் ரிடிம் விற்பன்னர்கள் என்று ஸ்டீலி, க்ளீவி இருவரைச் சொல்வார்கள். வைக்லிஃப் ஜான்ஸன் கீபோர்டு. கிளீவ்லண்ட் பிரௌன் தாளம். 1989-ல் இவர்கள் 'ஃபிஷ் மார்க்கெட்' என்று ஒரு ரிடிம் செய்தார்கள். அதே தாளக்கட்டு 1990-ல் ஷாபா ராங்க்ஸ் பாடிய 'டெம் பௌ' என்ற பாட்டிலும் ஒலித்தது. அங்கிருந்து அது கடல் தாண்டியது. பனாமாக் கால்வாய் வெட்டுவதற்காகக் கூலிகளாகப் போன மேற்கிந்தியத் தீவினரின் பேரப்பிள்ளைகள் அதை ஸ்பானிஷ் மொழியில் பாடினார்கள். நியூயார்க்கில் மறுபடி பதிவாயிற்று. போர்ட்டோ ரீக்கோ தீவில் வேர்விட்டு 'ரெகேடோன்' என்ற பெரிய மரமாயிற்று. அந்தத் தாளத்துக்கே அங்கே 'டெம்போ' என்று பெயர்! 2017-ல் வந்த 'டெஸ்பசீட்டோ' என்ற பாட்டு நம் ஊர் ஆட்டோக்களில்கூட ஒலித்ததே, நினைவிருக்கிறதா? யூடியூபில் 500 கோடி தடவை பார்க்கப்பட்ட முதல் வீடியோ அதுதான்.

ஸ்டீலி 2009-ல் காலமானார். 2021-ல் ஸ்டீலி-க்ளீவி கம்பெனியின் சார்பில் லாஸ் ஏஞ்ஜல்ஸில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. முதலில் ஒருசில பாட்டுகள்மீது. பிறகு வழக்கு வளர்ந்து, 'டெஸ்பசீட்டோ' உட்பட ஏறக்குறைய 1,800 பாட்டுகள்மீது. எங்கள் தாளத்தைக் கேட்காமல் எடுத்தார்கள் என்பது வாதிகளின் பிராது. தாளம் பொதுச் சொத்து, அதற்கு ஒருவன் பட்டா கேட்க முடியாது என்பது எதிர்க்கட்சி வாதம். 2024 மே மாதத்தில் நீதிபதி, ஆரம்பத்திலேயே வழக்கைத் தள்ளிவிட முடியாது, விசாரிக்க வேண்டியதுதான் என்று உத்தரவிட்டார்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. அறுபது வருஷமாக ஒருவர் ரிடிமில் ஒருவர் பாடிய தீவு அது. ஸ்டீலியும் க்ளீவியுமே ஸ்டூடியோ ஒன்னின் பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்து ஒரு தொகுப்பு வெளியிட்டவர்கள். ஊர்க் கிணறு என்று சொல்லிவிட்டு, இன்று வேலி போடலாமா?

இதற்கு என்னால் சட்டப்படி பதில் சொல்ல முடியாது. என் படிப்பு இன்டர்மீடியட்டோடு நின்றுபோயிற்று. ஆனால் என் சொந்த அநுபவம் ஒன்று உண்டு.

சில வருஷங்களுக்கு முன், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பையன்களை வைத்து நாடகம் போட்டார். பாதி நாடகத்தில்தான் எனக்கு உறைத்தது, அது என் சிறுகதை என்று! என்னைக் கேட்கவில்லை. முடிவையும் மாற்றிவிட்டார், என் கதையில் செத்துப்போகும் கிழவி அதில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் திரை விழுந்ததும் வாத்தியார் மைக்கைப் பிடித்து, என் பெயரைச் சொல்லி, "இந்தக் கதையை எழுதியவருக்கு எங்கள் ஊரின் வந்தனம்" என்றார். நான் கூட்டத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்கடுத்த வருஷமோ என்னவோ, என்னுடைய இன்னொரு கதை ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்தது. யார் எடுத்தது என்பது இங்கே வேண்டாம். கிழவியின் மூக்குத்தி முதற்கொண்டு எல்லாம் இருந்தது. என் பெயர் மாத்திரம் இல்லை. மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நான் இழந்த பணம் எவ்வளவு என்று இன்றுவரை கணக்குப் போட்டதில்லை. ஆனால் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து திரை இருண்டபோது வயிற்றில் ஏதோ ஒன்று இருண்டதே, அதை மறக்க முடியவில்லை.

இரண்டு பேருமே என் கதையைக் கேட்காமல்தான் எடுத்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொன்னார். இன்னொருவர் காகிதத்தைச் சுரண்டி எடுத்தார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது போதும்.

ஊர்க் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைக்கட்டும். இறைத்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கோடிகோடியாக விற்கிறவன், வெட்டினவன் வீட்டுக்கு ஒரு பங்கு அனுப்பட்டும். அதுகூட முடியாதவன், கிணற்றடியில் இருக்கிற கல்லிலாவது அவன் பெயரைச் செதுக்கி வைக்கட்டும். ஸ்டீலியும் க்ளீவியும் பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்தபோது, தொகுப்பின் தலைப்பிலேயே 'ஸ்டூடியோ ஒன்' என்று போட்டுக்கொண்டார்கள். நம்முடைய வர்ணமெட்டுப் புஸ்தகத்தின் தலைப்பு வரி மாதிரி.

இதையெல்லாம் அக்காள் மகனிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஊருக்குப் போகும் முன் தன் வரிசையைக் கொண்டுவந்து காட்டினான். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், வீடியோ எடுத்தவர் பெயர் என்று மூன்று பத்தி முன்பே இருந்தது. இப்போது நாலாவதாக ஒரு பத்தி சேர்த்திருந்தான்: 'ரிடிம் செய்தவர்.'

"இந்த மூணு பாட்டுக்கு மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன் மாமா, பேரே கிடைக்கலை" என்றான்.

அந்த மூன்று இடத்தையும் அவன் கோடு போட்டு அடிக்கவில்லை. காலியாகவே விட்டிருந்தான்.